ராஜபாளையத்து மின்சாரமும் வால்வு கிடார் ஆம்பிளிஃபயரும்: பவர் டிரான்ஸ்ஃபார்மருக்கு எத்தனை வோல்ட்?

வால்வு ஆம்பிளிஃபயரில் பவர் டிரான்ஸ்ஃபார்மர் மூன்று வேலை பார்க்கிறது. சுவர் பிளக்கில் வரும் 230 வோல்ட்டை வால்வின் பிளேட்டுக்கு வேண்டிய உயர் வோல்டேஜாக, அதாவது ரேடியோ மெக்கானிக்குகள் ‘ஹெச்.டி.’ என்று சொல்லும் சப்ளையாக, மாற்றித் தருகிறது. ஹீட்டர் இழைக்கு 6.3 வோல்ட் கொடுக்கிறது. வாசிப்பவரின் உடம்பைத் தெருக்கம்பி மின்சாரத்திலிருந்து பிரித்தும் வைக்கிறது. கிடாரைப் பொறுத்தவரை இந்தக் கடைசி வேலைக்குத்தான் முதலிடம். கிடாரின் கம்பிகள் வயர் வழியாக ஆம்பிளிஃபயரின் சேசிஸோடு இணைந்திருக்கின்றன. வாசிப்பவர் இரண்டு கையாலும் அவற்றைத் தொட்டுக்கொண்டே இருக்கிறார்.

இதை முதலிலேயே சொல்ல ஒரு காரணம் உண்டு. 230 வோல்ட் ஏசியை நேராக டயோடு வழியே விட்டுக் கண்டென்சரில் நிரப்பினால் சுமார் 300 வோல்ட் டிசி கிடைத்துவிடும். சிறிய கிடார் ஆம்பிளிஃபயருக்கு மிகவும் ஏற்ற இஎல்84 வால்வு கேட்பதும் ஏறத்தாழ அதே 300தான். டிரான்ஸ்ஃபார்மர் செலவை மிச்சம்பிடிக்கலாமே என்ற எண்ணம் இங்கேதான் எழுகிறது. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாத பழைய ஏசி/டிசி ரேடியோக்கள் அப்படித்தான் ஓடின. அவற்றின் சேசிஸ் மின்கம்பியோடு நேரடியாகச் சேர்ந்திருந்ததால், மரப்பெட்டியும் பேக்லைட் குமிழும் பின்பக்க அட்டையும் சேர்ந்து கேட்பவரைக் காத்தன. அதே சர்க்யூட்டில் கிடார் ஜாக்கைப் பொருத்தினால், பிளக்கைத் திருப்பிச் செருகிய நாளில் கிடார் கம்பியில் 230 வோல்ட் நிற்கும். எத்தனை வோல்ட் என்று கேட்பதற்கு முன், தனி பிரைமரியும் தனி செகண்டரியும் கொண்ட டிரான்ஸ்ஃபார்மர் கட்டாயம் வேண்டும் என்பதை முடிவுசெய்துகொள்ள வேண்டும்.

மைக் செட் விட்டுச்சென்ற அறிவு

ராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் வட்டாரத்துக்கு வால்வு ஆம்பிளிஃபயர் புதிய பொருளல்ல. டிரான்சிஸ்டர் வந்து இடத்தைப் பிடிக்கும்வரை ஆடிப்பூரத் தேரோட்டத்துக்கும், கல்யாணத்துக்கும், சடங்கு வீட்டுக்கும் கட்டிய மைக் செட்டுகளில் ஒளிர்ந்தது வால்வுதான். மரத்து உச்சியில் கட்டிய குழாய் ஸ்பீக்கருக்குப் பகலும் இரவும் பாட்டை அனுப்பியது அதுதான். பெங்களூரில் 1954இல் தொடங்கப்பட்ட பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் பின்னாளில் இஎல்84 போன்ற ரேடியோ வால்வுகளைத் தயாரித்தது. அவை பழைய ரேடியோ கடைகளின் இழுப்பறைகளில் இன்றும் தட்டுப்படுவதுண்டு.

அந்த மைக் செட்டுகளின் டிரான்ஸ்ஃபார்மரில் ஒரு பாடம் இருக்கிறது. பல செட்டுகளில் பிரைமரிச் சுற்று ஒரே முனையோடு முடிவதில்லை. 200, 220, 240 என்று இடையிடையே முனை எடுத்து, பின்பக்கத்தில் மாற்றிச் செருக வசதி செய்திருப்பார்கள். எந்த ஊர்த் திருவிழாவில், எந்தக் கம்பத்திலிருந்து, எத்தனை வோல்ட் கிடைக்கும் என்பது செட் கட்டும் வரை தெரியாது. ஜெனரேட்டரில் ஓட்டினாலும் நிலைமை அதேதான். வீட்டில் கிடார் ஆம்பிளிஃபயர் செய்பவர் முதலில் கையிலெடுக்க வேண்டிய யோசனை இது.

மைக் செட்டுக்கும் கிடாருக்கும் தேவை ஒன்றல்ல. பாட்டு சிதறாமல், உரக்க, நாள் முழுக்க ஒலிப்பதுதான் மைக் செட்டின் இலக்கு. கிடார் ஆம்பிளிஃபயரில் வால்வு திணறி ஒலி கரகரப்பதும் இசையின் ஒரு பகுதி. ஆகவே மைக் செட் டிரான்ஸ்ஃபார்மரின் வோல்டேஜை அப்படியே எடுத்துக்கொள்வது பல நேரம் தேவைக்கு மிஞ்சியதாகிவிடும்.

சுவரில் வருவது 230 தானா?

இந்தப் பகுதியில் டிரான்ஸ்ஃபார்மர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது தெருமுனையில் கம்பங்களுக்கு நடுவே நிற்கும் பெரிய டிரான்ஸ்ஃபார்மர்தான். ஆம்பிளிஃபயரின் வோல்டேஜ் கணக்கும் அங்கிருந்தே தொடங்குகிறது. இந்தியாவில் தெரு டிரான்ஸ்ஃபார்மர்கள் 11,000 வோல்ட்டை 433 வோல்ட்டாக இறக்குபவை. 433 என்பது இரண்டு ஃபேசுக்கு இடையே உள்ள அளவு. ஒரு ஃபேசுக்கும் நியூட்ரலுக்கும் இடையே பார்த்தால் 250. கம்பியில் சுமை ஏறும்போது வோல்டேஜ் இறங்கும் என்பதால் முன்கூட்டியே கூட்டி வைத்த அளவு இது. எனவே டிரான்ஸ்ஃபார்மருக்கு அடுத்த வீட்டில், ஊர் உறங்கிய பின், பிளக்கில் 245க்கு மேல் காட்டினால் அதில் வியப்பில்லை. அதே கம்பியின் கடைசி வீட்டில், மாலை ஏழு மணிக்கு, 200ஐ ஒட்டியும் காட்டலாம். 1956ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளின் 54ஆம் விதி வீட்டு மின்சாரத்துக்கு அனுமதித்த ஏற்ற இறக்கம் 6 சதவீதம். 230க்கு அது 216 முதல் 244 வரை.

ராஜபாளையத்தில் நூற்பாலைகள், பக்கத்துச் சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணி நெய்யும் விசைத்தறிகள், மலையடிவாரத்து மாந்தோப்பிலும் தென்னந்தோப்பிலும் பம்ப்செட்டுகள் என்று மோட்டார்கள் நிறைந்த வட்டாரம் இது. மோட்டார் கிளம்பும்போது பல மடங்கு கரண்ட் இழுக்கும். மும்முனை மின்சாரம் வந்ததும் பம்ப்செட்டுகள் ஒருசேர ஓடத் தொடங்கினால் அந்தக் கம்பியில் வோல்டேஜ் இறங்கும். அவை நின்றதும் ஏறும். தெருவுக்குத் தெரு இது வேறுபடும். அதனால் சாதாரண மல்டிமீட்டரை எடுத்து, ஒரு வாரம் காலை, மாலை, நள்ளிரவு மூன்று வேளையும் அளந்து எழுதிவைப்பதே முதல் வேலை. அந்தத் தாளில் இருக்கும் மிக உயர்ந்த எண்தான் டிரான்ஸ்ஃபார்மரைத் தீர்மானிக்கும். சராசரியைக் கொண்டு கணக்குப்போட்டால் சராசரி நாளில் வால்வு பிழைக்கும், நள்ளிரவில் வேகும்.

அமெரிக்க சர்க்யூட்டுகளைப் பார்த்துச் செய்பவர்களுக்கு இன்னொரு எச்சரிக்கை. 1950களின் ஃபெண்டர் ஆம்பிளிஃபயர்கள் 117 வோல்ட், 60 சைக்கிள் மின்சாரத்துக்காக வரையப்பட்டவை. நம் மின்சாரம் 50 சைக்கிள். 60 சைக்கிளுக்கு மட்டும் கணக்கிட்ட கோர், 50 சைக்கிளில் 20 சதவீதம் கூடுதல் காந்தப் பாய்வைத் தாங்க வேண்டியிருக்கும். ஏற்கெனவே விளிம்பில் இருந்தால் உறுமிச் சூடேறும். வெளிநாட்டிலிருந்து டிரான்ஸ்ஃபார்மர் வாங்குவதானால் ‘50/60’ என்று போட்டிருக்கிறதா என்று பார்த்தே வாங்க வேண்டும். 1950களின் இறுதியில் லண்டன் பக்கம் பிறந்த வாக்ஸ் ஏசி15, 1962இல் வந்த மார்ஷலின் முதல் ஆம்பிளிஃபயர் ஆகியவை 50 சைக்கிளில் ஓடியவை. மின்சாரத்தைப் பொறுத்தவரை அவை நமக்கு நெருங்கிய உறவு.

வால்வு எவ்வளவு தாங்கும்?

ஹெச்.டி. எவ்வளவு இருக்க வேண்டும் என்பதைச் சொல்வது பவர் வால்வு. இஎல்84இன் பிளேட்டுக்கு அனுமதிக்கப்பட்ட உச்சம் 300 வோல்ட். அது தாங்கும் சூடு 12 வாட். ஒற்றை வால்வாக 250 வோல்ட்டில் ஓட்டினால் ஐந்தரை வாட்டுக்குச் சற்று மேல் ஒலி தரும். இரண்டை ஜோடியாக, புஷ்-புல் முறையில், 300 வோல்ட்டில் ஓட்டினால் 17 வாட். வீட்டுக்கும் சிறிய கூடத்துக்கும் 17 வாட் தாராளம்; டிரம்ஸோடு சேர்ந்து வாசிக்கவும் போதும்.

6வி6 இதன் அமெரிக்க உறவு. பிளேட்டில் 315 வோல்ட், 12 வாட் என்பது அதன் பழைய வரையறை; 285 வோல்ட்டில் இரண்டு வால்வு 14 வாட் தரும். 6எல்6ஜிசி பெரிய வால்வு. 500 வோல்ட்டும் 30 வாட்டும் தாங்கும். 450 வோல்ட்டில் இரண்டு வால்வு 55 வாட் கொடுக்கும். இஎல்34 பிளேட்டில் 800 வோல்ட்வரை தாங்கினாலும் கிடார் ஆம்பிளிஃபயர்களில் அதை 375 முதல் 470 வரை ஓட்டுவதே வழக்கம். 375இலேயே இரண்டு வால்வு 35 வாட் தந்துவிடும்.

புகழ்பெற்ற கிடார் ஆம்பிளிஃபயர்கள் பலவற்றில் இந்த வரம்புகள் மீறப்பட்டிருப்பதைக் காணலாம். ஃபெண்டர் டீலக்ஸ் ரிவெர்ப் 6வி6ஐ 400 வோல்ட்டுக்கு மேல் ஓட்டியது. வாக்ஸ் ஏசி30 இஎல்84ஐ 300க்கு மேல் தள்ளியது. அன்றைய வால்வுகள் உறுதியானவை, அவற்றை மாற்றுவதும் எளிது. இன்று வால்வுக்காகச் சென்னைக்கோ மும்பைக்கோ எழுதிப் போட்டுக் காத்திருக்க வேண்டிய ஊரில் அந்தத் துணிச்சலைப் பின்பற்றுவதில் நியாயமில்லை.

குறைத்து ஓட்டினால் இழப்பு என்ன என்பதையும் கணக்கிட்டுப் பார்க்க வேண்டும். ஒலியின் வாட் ஏறத்தாழ வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. ஹெச்.டி.யைப் பத்து சதவீதம் குறைத்தால் வாட் 19 சதவீதம் குறையும். காதுக்கு அது ஒரு டெசிபெல்கூட இல்லை; பக்கத்தில் வைத்து மாற்றி மாற்றிக் கேட்டாலொழியத் தெரியாது. பத்து சதவீதம் கூட்டினால் கிடைக்கும் கூடுதல் ஒலியும் அதே அளவு அற்பமானது. ஆனால் வால்வின் சூடோ 20 சதவீதம் ஏறிவிடும். தேர்வில் சந்தேகம் வரும் இடத்திலெல்லாம் குறைந்த வோல்டேஜின் பக்கம் சாய்வதே சரி. கிடாருக்கு அதில் லாபமும் உண்டு: குறைந்த வோல்டேஜில் வால்வு சீக்கிரம் திணறும், வால்யூமை வீடு அதிர ஏற்றாமலே அந்தக் கரகரப்பு கிடைக்கும்.

ஏசி எண்ணிலிருந்து டிசி எண்ணுக்கு

செகண்டரியில் அளக்கும் ஏசி வோல்ட்டை 1.414ஆல் பெருக்கினால் அலையின் உச்சம் கிடைக்கும். வால்வுகள் கரண்ட் எடுக்காதவரை கண்டென்சர் அந்த உச்சம்வரை நிரம்பும். அவை கரண்ட் எடுக்கத் தொடங்கியதும் சுற்றுக் கம்பியின் எதிர்ப்பிலும் ரெக்டிஃபயரிலும் கொஞ்சம் போய்விடும். எவ்வளவு போகும் என்பது ரெக்டிஃபயரைப் பொறுத்தது.

1என்4007 போன்ற சிலிக்கான் டயோடு போட்டால் ஏசி எண்ணில் ஏறத்தாழ 1.3 முதல் 1.35 மடங்கு டிசி கிடைக்கும். ஜிஸட்34 வால்வு ரெக்டிஃபயரில் 1.25 மடங்கை ஒட்டி வரும். 5ஒய்3 போட்டால் 1.05 முதல் 1.1 மடங்கு மட்டும். ஒரே 300-0-300 டிரான்ஸ்ஃபார்மர் சிலிக்கானில் 400ஐ நெருங்கும், ஜிஸட்34இல் 375ஐ ஒட்டும், 5ஒய்3இல் 320 பக்கம் நிற்கும். ரெக்டிஃபயரைத் தீர்மானிக்காமல் டிரான்ஸ்ஃபார்மருக்கு ஆர்டர் கொடுப்பது, வீட்டின் அளவு தெரியாமல் கதவு செய்யச் சொல்வது போன்றது.

வால்வு ரெக்டிஃபயருக்கு இன்னொரு குணம் உண்டு. பலமாக ஒரு கார்டு அடித்ததும் கரண்ட் எகிறும். ரெக்டிஃபயரில் வோல்டேஜ் அமுங்கி, மெல்ல மேலே வரும். இதனால் ஒலியின் தொடக்கம் மழுங்கி, பின்னால் பொங்கி எழுவதுபோல் கேட்கும். புளூஸ் வாசிப்பவர்கள் இதை விரும்புகிறார்கள். சிலிக்கான் டயோடில் ஒலி இறுக்கமாக இருக்கும். இரண்டில் எது உயர்ந்தது என்று தீர்ப்புச் சொல்ல முடியாது; ஆனால் ஜிஸட்34, 5ஒய்3 போன்ற வால்வு ரெக்டிஃபயருக்கு 5 வோல்ட், 2 ஆம்பியர் அளவில் தனியாக ஒரு சுற்று வேண்டும். முதல் கண்டென்சருக்கும் எல்லை உண்டு: ஜிஸட்34க்கு 60 மைக்ரோஃபேரட், இஸட்81க்கு 50.

சென்டர் டேப் உள்ள செகண்டரியில் இரண்டு டயோடு போதும். ஆனால் ஒவ்வொரு டயோடும் எதிர்த்திசையில் பாதிச் சுற்றின் வோல்டேஜைப்போல் 2.83 மடங்கைத் தாங்க வேண்டும். 325-0-325க்கு அது 920 வோல்ட். மின்சாரம் 250க்கு ஏறினால் ஆயிரத்தைத் தொட்டுவிடும். 1என்4007இன் எல்லையும் ஆயிரம்தான். ஆகவே பக்கத்துக்கு இரண்டு டயோடைத் தொடராக வைப்பது கட்டாயம். பிரிட்ஜ் முறையில் நான்கு டயோடு வேண்டும். ஆனால் செகண்டரிச் சுற்று பாதியாகக் குறையும், கம்பி மிச்சமாகும்.

வைண்டிங் கடையில் ஒரு கணக்கு

ஆலை மோட்டாரும் பம்ப்செட் மோட்டாரும் காயில் கட்டிப் பழகிய கைகள் இந்த வட்டாரத்தில் நிறைய உண்டு. ஆம்பிளிஃபயர் டிரான்ஸ்ஃபார்மர் கட்டவும் அவர்களிடம் எல்லாம் இருக்கிறது: எனாமல் கம்பி, பாபின், ஸ்டாம்பிங் தகடு, லெதராய்ட் பேப்பர், வார்னிஷ். அவர்களுக்கு வேண்டியது சரியான எண்கள்.

இரண்டு இஎல்84, மூன்று இசிசி83, சிலிக்கான் பிரிட்ஜ் என்று ஒரு ஆம்பிளிஃபயரை வைத்துக்கொள்ளலாம். இஎல்84 ஜோடி அமைதியாக இருக்கும்போது பிளேட்டுக்கு 36 மில்லிஆம்பியர் வீதமும் ஸ்கிரீனுக்கு 4 வீதமும் எடுக்கும். முழு ஒலியில் அது 46ஆகவும் 11ஆகவும் ஏறும். இரண்டு வால்வுக்கும் சேர்த்து 114 மில்லிஆம்பியர். முன்நிலை வால்வுகளான இசிசி83களையும் சேர்த்தால் 120. கண்டென்சர் அலையின் உச்சியில் மட்டுமே திடீரென்று கரண்டை உறிஞ்சுவதால் பிரிட்ஜ் முறையில் செகண்டரிக் கம்பி டிசியைப்போல் 1.6 முதல் 1.8 மடங்கு தாங்க வேண்டும். ஆக 0.2 ஆம்பியர். இந்த மடங்கை மறப்பதுதான் வீட்டில் செய்யும் டிரான்ஸ்ஃபார்மர்கள் சூடாவதற்குப் பெரிய காரணம்.

ஹீட்டருக்கு இஎல்84 ஒவ்வொன்றும் 0.76 ஆம்பியர், இசிசி83 ஒவ்வொன்றும் 0.3. மொத்தம் 2.4, மூன்று ஆம்பியருக்குச் சுற்றுவது நல்லது. 6.3 என்ற விசித்திர எண், அந்தக் காலக் கார் பேட்டரியிலிருந்து வந்தது: 2.1 வோல்ட் செல் மூன்று.

ஹெச்.டி. சுற்றுக்கு 46 விஏ, ஹீட்டருக்கு 15 விஏ என்று மொத்தம் 61 விஏ ஆகிறது. இதற்கு 100 விஏ கோர் எடுத்தால் வெயில் காலத்திலும் கையை வைக்கும் சூட்டில் ஓடும். சாதாரண ஸ்டாம்பிங் தகட்டுக்கு, 50 சைக்கிளில், 45ஐக் கோரின் நடுக்காலின் சதுர சென்டிமீட்டரால் வகுத்தால் ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பது கிடைக்கும். சதுர அங்குலத்தில் அளப்பவருக்கு அது 7. நடுக்கால் 12 சதுர சென்டிமீட்டர் என்றால் வோல்ட்டுக்கு 3.75 சுற்று. 230 வோல்ட் பிரைமரிக்கு 863 சுற்று, 26 கேஜ் கம்பி.

இப்போது ஹெச்.டி. சுற்று. 230 வோல்ட் செகண்டரி போட்டால் சுமையில் 300ஐத் தாண்டி 305 பக்கம் வரும். காகிதத்தில் அது கச்சிதம். பிளக்கில் 250 வரும் இரவில் பிளேட்டில் 325ஐ ஒட்டும். கரண்டும் கூடவே ஏறுவதால் ஒவ்வொரு இஎல்84உம் அமைதியாக நிற்கும்போதே 12 வாட் எல்லையைத் தாண்டிவிடும். 220 வோல்ட் போட்டால் சாதாரண நாளில் ஹெச்.டி. 290ஐ ஒட்டி இருக்கும். கேத்தோடு ரெசிஸ்டரில் விழும் 10 வோல்ட்டைக் கழித்தால் வால்வு காண்பது 280. மின்சாரம் 250க்கு ஏறினாலும் அது 307ஐத் தாண்டாது. இந்த வட்டாரத்துக்கு 220தான் பொருத்தம். 220ஐ 3.75ஆல் பெருக்கி, சுமையில் இறங்குவதற்காக 5 சதவீதம் கூட்டினால் 866 சுற்று வருகிறது. அதாவது பிரைமரியின் எண்ணிக்கையே. வைண்டிங் கடையில் இதை விளக்குவது எளிது: பிரைமரிக்கு எத்தனையோ ஹெச்.டி.க்கும் அத்தனை, கம்பி மட்டும் 30 கேஜ்.

ஹீட்டர் சுற்றில்தான் கை கவனமாக இருக்க வேண்டும். 6.3 வோல்ட்டுக்கு, 5 சதவீதம் கூட்டி, 25 சுற்று; 18 கேஜ் கம்பி. ஹெச்.டி.யில் பத்துச் சுற்று தவறினாலும் மூன்று வோல்ட்கூட மாறாது. இங்கே ஒரு சுற்று தவறினால் கால் வோல்ட் போய்விடும். தடித்த கம்பியை வளைத்துச் சுற்றும்போது எண்ணிக்கை விட்டுப்போவதும் சகஜம். ஹீட்டர் 5.7க்கும் 6.9க்கும் இடையே நிற்க வேண்டும். கூடினால் இழை சீக்கிரம் போகும். குறைந்தால் கேத்தோடு போதிய சூடின்றிக் கெடும். பிளக்கில் 250 வந்தால் 6.3 என்பது 6.85 ஆகும், எல்லைக்கு உள்ளே, ஆனால் விளிம்பில். அதனால்தான் மைக் செட்டின் பழைய வழிக்குத் திரும்ப வேண்டியிருக்கிறது: பிரைமரியில் 788, 863, 938 ஆகிய சுற்றுகளில் முனை எடுத்து 210, 230, 250 என்று எழுதிவிட்டால், வீட்டின் வோல்டேஜுக்கு ஏற்ற முனையில் வைத்ததும் ஹெச்.டி.யும் ஹீட்டரும் ஒரேசேரச் சரியாகிவிடும். பிரைமரிக்கும் செகண்டரிக்கும் நடுவே தாமிரத் தகடு ஒரு சுற்று வைத்து எர்த் செய்யச் சொல்வதும் நல்லது. அதன் இரு முனையும் ஒன்றையொன்று தொடக் கூடாது.

கிடைத்ததை வைத்துச் செய்வது

பழைய மைக் செட்டிலிருந்து எடுத்த டிரான்ஸ்ஃபார்மர் பெரும்பாலும் 300-0-300 அல்லது 350-0-350 ஆக இருக்கும். அது இஎல்34, 6எல்6 வகைக்கு ஏற்றது. இஎல்84க்கு இதைப் பயன்படுத்தத் தொடராக ஒரு பெரிய ரெசிஸ்டர் போட்டு வோல்டேஜைக் குறைப்பவர்கள் உண்டு. ஒவ்வொரு கார்டுக்கும் வோல்டேஜ் ஊசலாடும், ரெசிஸ்டரும் கொதிக்கும். 5ஒய்3 ரெக்டிஃபயர் போடுவது அதைவிட நல்ல வழி. கண்டென்சருக்கு முன்னால் சோக் வைத்தால் டிசி, ஏசி எண்ணின் 0.9 மடங்குக்கு இறங்கும். 350-0-350 அப்போது 315 ஆகிவிடும்.

பிளக்கின் வோல்டேஜே அதிகமாக இருக்கும் வீட்டில், 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றின் செகண்டரியைத் தலைகீழ் திசையில் பிரைமரியோடு தொடராக இணைத்தால் 242 என்பது 230 ஆகும். ஹீட்டரும் சேர்ந்து இறங்குவது இதன் சிறப்பு.

காயில் கட்டச் செலவழிக்க விரும்பாதவருக்கு எந்த எலெக்ட்ரானிக்ஸ் கடையிலும் கிடைக்கும் 12 வோல்ட் டிரான்ஸ்ஃபார்மர் இரண்டு போதும். முதலாவது 230ஐ 12 ஆக்கும்; இரண்டாவதைத் தலைகீழாக வைத்தால் அந்த 12ஐ மறுபடி 200 பக்கம் ஏற்றும். நடுவே உள்ள 12 வோல்ட்டில் இரண்டு இஎல்84 ஹீட்டரைத் தொடராகவும், இசிசி83ஐ அதன் 12.6 வோல்ட் இணைப்பிலும் ஓட்டலாம். ஹெச்.டி. 260 பக்கம் கிடைக்கும். ஒற்றை இஎல்84 வைத்த முதல் ஆம்பிளிஃபயருக்கு இதைவிட மலிவான, பாதுகாப்பான வழி இல்லை. அப்போது ஒற்றை ஹீட்டருக்கு 12 வோல்ட் கூடுதல்; 7.5 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராக வைக்க வேண்டும்.

வீட்டு இன்வெர்ட்டரைப் பற்றியும் சொல்ல வேண்டும். மலிவான இன்வெர்ட்டர் சதுர அலை தரும். சதுர அலைக்கு உச்சமும் சராசரி அளவும் ஏறத்தாழ ஒன்றே. அதனால் ஹீட்டர் வழக்கம்போல் ஒளிரும், ஹெச்.டி. மட்டும் முப்பது சதவீதம்வரை இறங்கிவிடும். கரண்ட் போனபின் ஆம்பிளிஃபயர் சோர்ந்து ஒலித்தால் அது பழுதல்ல. ரிலே வகை ஸ்டெபிலைசர், முனை மாறும் ஒவ்வொரு முறையும் ஒலியில் ஒரு வெட்டு விழச்செய்யும். பிரைமரி முனைகள் இருந்தால் அது தேவைப்படாது.

கண்டென்சரும் முதல் சுவிட்ச்சும்

சிலிக்கான் டயோடு சுவிட்ச் போட்ட கணமே வேலை செய்யும். வால்வு சூடாகப் பல நொடி ஆகும். அந்த இடைவெளியில் கண்டென்சரில் ஏறுவது சுமையில்லாத முழு உச்சம். மேலே கணக்கிட்ட டிரான்ஸ்ஃபார்மரில், 230 முனையில், பிளக்கில் 250 வந்தால் அது 354 வோல்ட். 300 வோல்ட் ஹெச்.டி.தானே என்று 350 வோல்ட் கண்டென்சர் போட்டால் ஒரு நாள் வெடிக்கும். 450 வோல்ட் கண்டென்சர்தான் போட வேண்டும். அதன் குறுக்கே 220 கிலோ ஓம், 2 வாட் ரெசிஸ்டர் ஒன்றை நிரந்தரமாக வைத்தால் சுவிட்ச்சை அணைத்தபின் கண்டென்சர் தானாக வடிந்துவிடும். 300 வோல்ட் டிசி ஆளைக் கொல்லும். மீட்டர் வைத்து வடிந்துவிட்டதைப் பார்க்காமல் சேசிஸுக்குள் கை வைக்கக் கூடாது.

புதிய டிரான்ஸ்ஃபார்மரை முதன்முதலில் நேராகப் பிளக்கில் செருக வேண்டாம். எலெக்ட்ரீஷியன்கள் வைத்திருக்கும் சீரியல் லேம்ப் போர்டில், 60 வாட் குண்டு பல்பின் வழியாகக் கொடுக்க வேண்டும். வால்வு எதுவும் இல்லாத நிலையில் பல்பு மங்கலாக நின்றால் சுற்று நலம். பளீரென்று எரிந்தால் எங்கோ ஷார்ட். அதன்பின் வால்வுகளைச் செருகி, பல்பை நீக்கி, பிளக்கின் வோல்டேஜையும் ஹீட்டரையும் ஹெச்.டி.யையும் ஒரே நேரத்தில் அளக்க வேண்டும். அந்த மூன்று எண்களையும் தேதியோடு ஒரு தாளில் எழுதிச் சேசிஸின் உட்புறம் ஒட்டிவையுங்கள். பத்து ஆண்டு கழித்து அதைத் திறக்கும் மெக்கானிக்குக்கு முதலில் வேண்டியது அந்தத் தாள்தான்.